வல்லரசை நடத்துவது நலன்தான்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்காவின் வெளியுறவுக் கொள்கையைத் தீர்மானிப்பது இலட்சியமா, நலனா என்பது இன்றைய கேள்வி. நலன்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் மார்ஷல் திட்டத்தை எடுத்து வைத்தார். போரில் சிதைந்த ஐரோப்பாவுக்கு 1948 முதல் சுமார் 1,300 கோடி டாலர் கொடுத்த நாட்டையா சுயநலம் என்கிறீர்கள் என்று கேட்டார். அந்தப் பணம் பசித்த வயிறுகளுக்குப் போய்ச் சேர்ந்தது உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் சோவியத் செல்வாக்கு மேற்கே நகராமல் தடுத்ததும், அமெரிக்கப் பொருளுக்குச் சந்தை பிடித்ததும் அதே பணம்தானே? நல்லதும் நலனும் ஒரே பக்கம் சேர்ந்து இழுக்கும்போது வண்டியை நகர்த்தியது எது என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டும் எதிரெதிராக இழுத்த இடத்தைப் பார்க்க வேண்டும், நடுவர் அவர்களே.

1971-க்கு வாருங்கள். மார்ச் 25 இரவு கிழக்குப் பாகிஸ்தானில், அதாவது இன்றைய வங்கதேசத்தில், பாகிஸ்தான் ராணுவம் மக்கள்மீது பாய்ந்தது. அங்கிருந்த 20 அமெரிக்க அதிகாரிகள், ஜனநாயகம் நசுக்கப்படுவதைத் தங்கள் அரசு கண்டிக்கத் தவறிவிட்டது என்று கையெழுத்திட்டார்கள். டாக்காவின் தலைமைத் துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட், ஏப்ரல் 6 அன்று அதைத் தந்தியாக வாஷிங்டனுக்கு அனுப்பினார். தங்கள் வேலையைப் பணயம் வைத்து எழுதிய அந்த மனிதர்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அமெரிக்காவில் இலட்சியவாதிகளே இல்லை என்று எங்கள் அணி சொல்லவில்லை. முடிவு அவர்கள் கையில் இல்லை என்கிறோம்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து அதிபர் நிக்சன் தன் கைப்பட எழுதிய குறிப்பு என்ன? பாகிஸ்தானின் ராணுவ ஆட்சியாளர் யாஹ்யாவை இப்போது நெருக்க வேண்டாம் என்பதுதான். காரணம், சீனாவோடு உறவைத் தொடங்குவதற்கான ரகசிய வழி யாஹ்யா கான் மூலமாகத் திறந்துகொண்டிருந்தது. ஜூலையில் நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸிங்கர் பாகிஸ்தானிலிருந்தே யாருக்கும் தெரியாமல் பெய்ஜிங் பறந்தார். 1972 பிப்ரவரியில் நிக்சனே போய் இறங்கினார். இதற்கிடையில் சுமார் ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்துவிட்டார்கள். பிளட்டை டாக்காவிலிருந்தே மாற்றிவிட்டார்கள். தந்தி போய்ச் சேரவில்லையா? சேர்ந்தது. படித்தார்கள். படித்துவிட்டுத்தான் சீனாவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சரி, நலன் எதுவுமே இல்லாத இடத்தில் என்ன நடந்தது? 1994, ஆப்பிரிக்காவின் ருவாண்டா. எண்ணெய் இல்லை, ராணுவத் தளம் இல்லை. முந்தைய ஆண்டுதான் சோமாலியாவில் ஒரே மோதலில் 18 வீரர்களை அமெரிக்கா இழந்திருந்தது. சுமார் நூறு நாளில் எட்டு லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள். அமெரிக்க அரசோ 'இனப்படுகொலை' என்ற சொல்லைப் பல வாரங்கள் தவிர்த்தது. சொன்னால் ஏதாவது செய்ய வேண்டியிருக்குமே! நான்கு ஆண்டுகள் கழித்து அதிபர் கிளிண்டன் ருவாண்டாவின் தலைநகர் கிகாலிக்குப் போய், நாங்கள் விரைந்து செயல்படவில்லை என்றார்.

அதிபராக இருந்த கார்ட்டரின் மனித உரிமைக் கொள்கையையும் நண்பர் சொன்னார். அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சியிடம் கார்ட்டர் கண்டிப்பு காட்டியது உண்மை. ஆனால் அதே கார்ட்டர் 1977 டிசம்பர் 31 அன்று டெஹ்ரானில் ஈரான் மன்னர் ஷாவின் விருந்தில், ஈரானை நிலைத்தன்மையின் தீவு என்று புகழ்ந்தார். ஷாவின் சிறைகள் அவருக்குத் தெரியாதவையா?

கடைசியாக 2011 மார்ச். லிபியாவில் மக்களைக் காக்கவென்று அமெரிக்க ஏவுகணைகள் பாய்ந்தன. அதே மாதம் பஹ்ரைனில் உரிமை கேட்டு வீதிக்கு வந்த மக்களை அரசு ஒடுக்கியது. அதற்குத் துணையாக சவூதிப் படையும் உள்ளே வந்தது. அங்கே ஓர் ஏவுகணையும் பாயவில்லை. அமெரிக்காவின் ஐந்தாம் கப்பற்படைக்குத் தலைமையகம் பஹ்ரைன். லிபியாவில் அப்படி ஒரு தளம் இல்லை. இந்த இரண்டு முடிவுகளுக்கும் இலட்சியத்தை வைத்து எப்படிக் கணக்குச் சொல்வது என்று அடுத்து வரும் எதிரணி நண்பர் விளக்கட்டும், நடுவர் அவர்களே.