ஒரே வாய்க்கால் நீர்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

மீன் வளர்ப்பில் நாடுகள் ஏன் ஒத்துழைக்க வேண்டும் என்று கேட்பவர்களிடம், நான் முதலில் வாய்க்காலைப் பற்றித்தான் பேசுவேன். இறால் குளங்கள் அருகருகே அமைந்து, பெரும்பாலும் ஒரே வாய்க்காலிலிருந்து நீரை ஏற்றி, அதே வாய்க்காலில் கழிவுநீரையும் விடுகின்றன. ஒருவர் நோய் கண்ட குளத்தை இரவோடு இரவாகத் திறந்துவிட்டால், அடுத்த பண்ணைக்காரர் மறுநாள் காலையில் டீசல் செலவழித்து, அந்த நோயைத் தம் குளத்துக்குள் இறைத்துக்கொள்கிறார்.

வெள்ளைப்புள்ளி நோயை இறால் வளர்ப்போர் மறக்க மாட்டார்கள். இறால் தீவனம் எடுக்காமல் கரையோரம் ஒதுங்கும். ஓட்டை உரித்து வெளிச்சத்தில் பிடித்தால் உட்புறத்தில் வெண்புள்ளிகள் தெரியும். பத்து நாளுக்குள் குளம் காலியாகிவிடும். 1990களின் தொடக்கத்தில் கிழக்காசியாவில் தலைகாட்டிய இந்த வைரஸ், 1994இல் இந்தியாவிலும் பரவியது. உயிருள்ள தாய் இறாலையும் குஞ்சுகளையும் நாடு விட்டு நாடு கொண்டுசென்ற வணிகம் அதற்குப் பெரிதும் வழிவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் நண்பர்கள் இதைப் பலமுறை கேட்டுச் சலித்திருப்பார்கள். நோயை மறைப்பதில் பண்ணைக்காரருக்கும் அரசுக்கும் வேறுபாடு இல்லை. விலை போய்விடும் என்று அவர் மறைக்கிறார். ஏற்றுமதி நின்றுவிடும் என்று அரசு மறைக்கிறது. இரண்டிலும் நட்டப்படுபவர் வாய்க்காலின் மறுமுனையில் இருக்கிறார்.

ஆசிய பசிபிக் நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையங்களின் வலையமைப்பை நான் மதிப்பதற்குக் காரணம் இதுதான். 1980இல் ஐக்கிய நாடுகளின் திட்டமாகத் தொடங்கிய இது, 1990இல் உறுப்பு அரசுகளே நடத்தும் அமைப்பாயிற்று. தலைமையகம் பாங்காக்கில் உள்ளது. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தோடும் உலக விலங்கு சுகாதார அமைப்போடும் சேர்ந்து, இவ்வலையமைப்பு 1998 முதல் இப்பகுதி நாடுகளிடமிருந்து காலாண்டுதோறும் நோய் அறிக்கைகளைப் பெற்றுத் தொகுத்தது. செய்தித்தாள் கண்டுகொள்ளாத வேலைதான். ஆனால் பக்கத்து நாட்டில் என்ன நோய் என்று தெரியாமல், எல்லையில் எதைச் சோதிப்பது?

அந்த ஒத்துழைப்பு ஊருக்குள் இறங்கியதையும் சொல்கிறேன். இந்தியாவின் கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் இவ்வலையமைப்போடு இணைந்து, ஆந்திரப் பிரதேசத்தில் சிறு இறால் விவசாயிகளைக் குழுக்களாக்கியது. குழுவினர் குளங்களைக் காயவிட்டு அடிச்சேற்றை அகற்றினர், வைரஸின் மரபணுவைத் தேடிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனையில் தேறிய குஞ்சுகளைச் சேர்ந்து வாங்கி, ஏறத்தாழ ஒரே காலத்தில் குளங்களில் விட்டனர். நோய் கண்டால் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லாமல் நீரைத் திறப்பதில்லை என்று ஒப்புக்கொண்டனர். தனி ஒருவர் கேட்டால் குஞ்சு பொரிப்பகம் பொருட்படுத்தாது. குழு கேட்டால் சோதனைச் சீட்டைக் காட்டித்தான் தீர வேண்டும். இப்பணியைத் தொடர 2007இல் ஒரு தேசிய மையமே உருவாயிற்று.

அரசுகளுக்கிடையிலான மாநாட்டை அளக்க என்னிடம் உள்ள கோல் ஒன்றே: அதன் தீர்மானம் அரை ஏக்கர் குளம் வைத்திருப்பவரின் கைக்கு அவர் மொழியில் வந்து சேர்ந்ததா?

கெண்டை மீனைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். கடிகாரம் இடம் தரவில்லை. 1957இல் கட்டாக்கில் இந்திய மீன்வள அறிவியலாளர் ஹீராலால் சவுத்ரி பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டைகளை முட்டையிட வைத்தார். அதுவரை ஆற்றில் வலைபோட்டுக் குஞ்சு சேகரித்த நிலை மாறியது. அவ்வறிவு எல்லைகளைக் கடந்த வரலாற்றுக்குத் தனி உரையே வேண்டும். மீன் தீவனத்துக்காகக் கடல்மீனைப் பொடியாக்கும் சிக்கலையும், அதில் நாடுகளுக்கிடையே இன்னும் எட்டப்படாத உடன்பாட்டையும் தொடக்கூட முடியவில்லை.

நன்றி, வணக்கம்.