ஜூலையில் கல்லூரி, ஜனவரியில் பிரிவு

நடுவர் அவர்களே, வணக்கம். பொறியியல் மாணவர்கள் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டியது சேரும்போதா, கொஞ்சம் படித்துப் பார்த்த பிறகா என்பது தலைப்பு. படித்துப் பார்த்த பிறகுதான் என்று பேச வந்திருக்கிறேன்.

"பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தனக்கு எது பிடிக்கும் என்று தெரியாதா?" என்று கேட்டார் எதிரணி ஐயா. பார்த்திருந்தால் தெரியும் ஐயா. சிவில் என்றால் என்ன, எலக்ட்ரானிக்ஸ், தகவல்தொடர்பு படிக்கும் இசிஇ என்றால் என்ன என்று பிளஸ் டூவில் எந்த வகுப்பில் காட்டினோம்?

கலந்தாய்வு நாளில் ஏதாவது ஒரு பிரவுசிங் சென்டரில் போய் நின்று பாருங்கள். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். அப்பா கையில் கல்லூரிக் குறியீடுகள் எழுதிய தாள். "போன வருஷம் இந்த மார்க்குக்கு இங்கே ஐடி கிடைச்சுது, போட்டுடலாமா சார்?" என்பார் சென்டர்காரர். அப்பா மகளைப் பார்ப்பார். மகள் திரையைப் பார்ப்பாள். "போடுங்கண்ணா." நான்கு வருடப் படிப்பு அங்கே முடிவாகிவிடுகிறது. அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவே மாட்டேன். கேட்கக் கூடாத நேரத்தில் கேட்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரைப் புரட்டுங்கள். ஆங்கிலம், அணிகளும் நுண்கணிதமும், இயற்பியல், வேதியியல், பைதான், தமிழர் மரபு. அதில் மெக்கானிக்கலுக்கும் இதுதான் இருந்தது, கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் இதுதான் இருந்தது. எல்லோரும் ஒரே பாடம் படிக்க முடியுமென்றால் எதற்கு முன்கூட்டியே முத்திரை? அந்த சில மாதங்களில் எல்லாத் துறை ஆய்வகங்களையும் திறந்துவிடுங்கள். பைதான் நிரல் ஓடாமல் முரண்டு பிடித்தும் எழுந்து போக மனம் வராத பிள்ளைக்குத் தன்னைப் பற்றி ஒன்று புரியும். லேத் என்ற கடைசல் இயந்திரத்தில் இரும்பு சுருள் சுருளாக உரிந்து விழுவதைக் கண்டு நகராமல் நிற்கும் பிள்ளைக்கும் புரியும்.

"எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸையே கேட்பார்கள்" என்றார்கள். இப்போது மட்டும் வேறென்ன கேட்கிறார்கள்? லேத்தைக் கண்ணால் பார்க்காத பிள்ளை மெக்கானிக்கலை எப்படிக் கேட்கும்?

அப்புறம், முதல் செமஸ்டர் மதிப்பெண்ணை வைத்துப் பிரிவு கொடுத்தால் அந்த மதிப்பெண்ணுக்குப் போட்டி வரும் என்ற பயம். அது நியாயமான பயம், அதனால் அந்த மதிப்பெண்ணே கணக்கில் வர வேண்டாம். அதே கட்-ஆஃப் வரிசை, அதே இடஒதுக்கீடு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 விழுக்காடு எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஜூலையில் கல்லூரியைக் கொடுங்கள், பிரிவை ஜனவரியில் கேளுங்கள்.

வீட்டில் மாமாவோ அத்தையோ பொறியாளராக இருந்தால் இந்த விவரமெல்லாம் சாப்பிடும்போதே காதில் விழுந்துவிடும். முதல் பட்டதாரிச் சான்றிதழோடு வரும் பிள்ளைக்கு யார் சொல்வது? இந்த ஒரு செமஸ்டரை நான் அவர்களுக்காகத்தான் கேட்கிறேன், நடுவர் அவர்களே.