கத்தி புடிச்ச கையில ராக்கி (மன்னிப்பா? கண்டிப்பா? பட்டிமன்றத்துல மன்னிப்பு அணிக்காகப் பேசினது)

நடுவர் ஐயாவுக்கும், ரெண்டு அணிக்கும், நம்ம சர்ச் பங்குச்சாமிக்கும், மணி பத்தாகியும் சேரை விட்டு எந்திரிக்காத என் சொந்தங்களுக்கும் வணக்கம். கஷ்டமான நேரத்துல மனுஷனைக் காப்பாத்துறது மன்னிப்பா, கண்டிப்பா, இதுதான் தலைப்பு. நான் மன்னிப்பு அணி. பேசலாம்னு நாலு பாயின்ட் எழுதிட்டு வந்தேன், அதை இப்பவே மடிச்சு வச்சிட்டேன். ஏன்னா எனக்கு முன்னாடி பேசின எதிரணி அண்ணன் போற போக்குல ஒண்ணு சொல்லிட்டுப் போனாரு, "மறு கன்னத்தைக் காட்டுறதெல்லாம் புள்ளப்பூச்சிங்க வேலை, திருப்பி அடிக்கத் தெம்பில்லாதவன்தான் மன்னிச்சிட்டேன்னு சொல்லிக்குவான்"னு. நீங்களும் கை தட்டினீங்க, விசில் வேற.

அண்ணே, யாரு புள்ளப்பூச்சி? நான் ஒரு அம்மாவைக் காட்டுறேன், அவங்களைப் பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க.

கேரளாவுல புல்லுவழின்னு ஒரு ஊரு. அங்க பொறந்த பொண்ணு ராணி மரியா, கன்னியாஸ்திரி ஆகி மத்தியப் பிரதேசத்துக்குப் போனாங்க, இந்தூர் பக்கம் உதய்நகர். அங்க ஏழை ஜனம் வட்டிக்காரன்கிட்ட மாட்டிக்கிட்டு மீள முடியாம கெடக்குது. இவங்க அந்த ஜனத்தை ஒண்ணு சேர்த்து, பேங்க் லோன் இப்படி வாங்கணும், கவர்மென்ட் சலுகை இது இருக்குன்னு சொல்லிக் குடுத்தாங்க. அவ்வளவுதான் அவங்க செஞ்ச குத்தம். பெரிய தலைங்களுக்கு வருமானம் போச்சு, ஒரு இளைஞனை ஏவி விட்டாங்க. 1995 பிப்ரவரி 25, ஊருக்குப் போக பஸ் ஏறின ராணி மரியாவை வழியில, ஜனங்க பார்த்துக்கிட்டு இருக்கும்போதே, அந்த ஆள் கத்தியால குத்தினாரு. ஒரு குத்து ரெண்டு குத்து இல்லங்க, 50க்கு மேல காயம். அவங்களுக்கு வயசு 41. தடுக்க ஒருத்தர் வரல.

குத்தினவர் பேரு சமுந்தர் சிங். ஆயுள் தண்டனை. கண்டிப்பு கேட்டீங்கல்ல அண்ணே, முழுசா கெடைச்சிது. அந்தக் கண்டிப்பு அவரை என்ன பண்ணிச்சு? என்னை ஏவி விட்டவனுங்க ஜாலியா வெளிய இருக்கானுங்க, நான் போய் அவனுங்களைத் தீர்த்துக்கட்டணும்னு வெறியோட உள்ள இருந்தேன்னு அவரே பின்னால சொல்லியிருக்காரு. அடுத்த கொலைக்கு அங்க ஆள் ரெடியாகிக்கிட்டு இருந்துச்சுங்க!

இப்பதான் கதையே. ஒரு சாமியார் ஜெயிலுக்குப் போய்ப் போய் அவர்கிட்ட பேசினாரு. அப்புறம் 2002, ரக்ஷா பந்தன் சமயம். இந்தூர் ஜெயிலுக்கு ஒரு அம்மா வராங்க, அவங்களும் கன்னியாஸ்திரி, செல்மி பால். யாரு? ராணி மரியாவோட கூடப் பொறந்த தங்கச்சி! ரத்த சொந்தம்! அக்காவைக் கொன்னவன் முன்னாடி போய் நிக்கிறாங்க. கையில என்ன இருந்துச்சு தெரியுமா? ராக்கி. அந்த ஊர்ல ராக்கி கட்டிட்டா அவன் அண்ணன், சாகுற வரைக்கும் அண்ணன். அந்த ஆளு கையை நீட்டுறாரு. எந்தக் கை? கத்தி புடிச்ச கை. அந்தக் கையில அந்தத் தங்கச்சி நூலைக் கட்டுறாங்க.

திருப்பிச் சொல்றேன், பின்னாடி நிக்கிறவங்களுக்கும் கேக்கட்டும். எந்தக் கை அக்காவைக் குத்திச்சோ, அந்தக் கையில, தங்கச்சி, ராக்கி கட்டினாங்க.

நடுவர் ஐயா, இது தெம்பில்லாதவங்க செய்யுற வேலையா? எனக்குக் கை நடுங்குது, சொல்லும்போதே நடுங்குது.

இன்னும் இருக்கு. பெத்த தாய். அவங்க பேரு எலிஸ்வா. பின்னால ஒரு நாள் அந்த ஆளைப் பார்த்தப்ப அவங்க கத்தல, மண்ணை வாரித் தூத்தல, அவர் கை ரெண்டையும் புடிச்சு முத்தம் குடுத்தாங்க. ஏன்னா அது அவங்க மக ரத்தம் பட்ட கை. புள்ளை போயிட்டா, அந்த ரத்தம் கடைசியா எங்க இருந்துச்சோ அங்க உதட்டை வச்சிருக்கா அந்தத் தாய். இங்க புள்ளை பெத்தவங்க எத்தனை பேரு உக்காந்திருக்கீங்க, உங்களால முடியுமா, என்னால முடியுமா, தெரியலீங்க, ஆனா அவங்க செஞ்சாங்க.

அப்ப சட்டம் எதுக்கு, கோர்ட் எதுக்குன்னு அண்ணன் கேப்பாரு. ஒடிசாவுல 1999 ஜனவரியில தொழுநோயாளிங்களுக்குச் சேவை செஞ்ச கிரஹாம் ஸ்டெயின்ஸையும் ரெண்டு சின்னப் பசங்களையும் ஜீப்போட கொளுத்தினாங்க, கிரஹாமோட மனைவி கிளாடிஸ் மன்னிச்சிட்டேன்னு சொன்னாங்க, ஆனா வழக்கை நிறுத்தச் சொல்லல. சட்டம் அதுபாட்டுக்கு நடந்துச்சு, இவங்க அதே ஒடிசாவுல, பாரிபதாங்கிற ஊர்லயே இருந்து நோயாளிங்களுக்குச் செஞ்சுக்கிட்டே இருந்தாங்க. அட, ஏசுவே கன்னத்துல அறை வாங்கினப்ப பேசாம நிக்கலையே! நான் சொன்னது சரின்னா என்னை ஏன் அடிக்கிறன்னு அந்தச் சேவகனைக் கேட்டாரே, யோவான்ல 18ஆம் அதிகாரத்துல இருக்கு. அதே வாய்தான் சிலுவையில இவங்களை மன்னியும்னு கேட்டுச்சு. ஆகவே புள்ளப்பூச்சிங்கிற வார்த்தையை அண்ணன் வாபஸ் வாங்கியே ஆகணும்!

மணி அடிக்கிறீங்க ஐயா, ஒரே நிமிஷம்.

சமுந்தர் சிங் வெளிய வரணும்னு அந்தக் குடும்பமே கேட்டு, 2006ல விடுதலை ஆனாரு. யாரையும் கொல்லப் போகல. விவசாயம் பார்த்தாரு. புல்லுவழிக்குப் போய் அப்பா அம்மாகிட்ட மன்னிப்பு கேட்டாரு. 2017 நவம்பர் 4, இந்தூர்ல ராணி மரியாவுக்கு முத்திப்பேறு பட்டம், அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தின படி, குடுத்தப்ப, அந்தக் கூட்டத்துல அவரும் இருந்தாரு.

தீர்ப்பு எப்படி வேணா சொல்லுங்க ஐயா, எனக்கு ஜெயிக்கணும்னு இல்ல. ஆனா இந்தக் கூட்டத்துல ரெண்டு சென்ட் வரப்புக்காக அண்ணன் தம்பி நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லாம இருக்கீங்க, பந்தியில எதிரெதிர உக்காந்தும் மூஞ்சியைத் திருப்பிக்கிறீங்க, எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பது போலன்னு ஞாயித்துக்கிழமை வாய் மணக்க ஜெபமும் சொல்றீங்க. உங்க ஆத்தா இன்னும் உசுரோட இருக்கா சாமி. ரெண்டு மவனும் ஒண்ணா வாசப்படி ஏறி வரமாட்டானுங்களான்னு கண்ணு பூத்துப் போய் உக்காந்திருக்கா. பட்டிமன்றம் முடியுற வரைக்கும் கூட வேண்டாம், எந்திரிங்க, அந்தா அந்த வேப்பமரத்தடியில நிக்கிறாரு உங்க தம்பி, போய்த் தோள்ல கையைப் போடுங்க.

நன்றி, வணக்கம்.