ஒரு தூக்கை வரைய ஓராண்டு

(அங் மோ கியோ நூலகத்தில், உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் பெற்றோருக்காக நடந்த சனிக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

மேசைமேல் இருக்கும் இந்தத் தூக்கைப் பார்த்துவிட்டு, "சாப்பாடு கொண்டாந்திருக்கீங்களா?" என்று வாசலிலேயே ஒரு அம்மா கேட்டார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. எங்கப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த காலத்தில் மதியச் சோறு எடுத்துப்போன தூக்கு இது. அடியில் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். மூடியைத் திருகி அழுத்தினால்தான் உட்காரும். 11 ஆண்டுகளாக என்னோடு வகுப்புக்கு வந்துகொண்டிருக்கிறது. இன்றைக்கும் இதற்கு வேலை இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் ஒரு கலைப் பள்ளியில் வரைகலை கற்பிக்கிறேன். பட்டயப் படிப்பின் முதலாம் ஆண்டு. வருகிறவர்களில் பலருக்கு 17 வயது, ஓ நிலைத் தேர்வை முடித்த கையோடு வருவார்கள். பள்ளியின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் சொல்லப்போவதில்லை. என்னை நம்பித் தங்கள் வரைபுத்தகத்தைத் திறந்து காட்டிய பிள்ளைகள் அவர்கள்.

பாடப் பட்டியல், கட்டணம், சேர்க்கை தேதி எல்லாம் பள்ளிகளின் இணையத்தளங்களில் இருக்கின்றன. அவற்றை நான் வாசித்துக் காட்டப் போவதில்லை. நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். ஓவியம் படிக்கப் போகும் பிள்ளை முதல் ஆண்டின் நடுவில் முன்பைவிட மோசமாக வரையும். வீட்டில் பயந்துபோவார்கள். தப்பான இடத்தில் சேர்த்துவிட்டோமோ என்று நினைப்பார்கள். அந்தப் பிள்ளை வளர ஆரம்பித்ததே அப்போதுதான்.

சென்ற ஆண்டு வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். சேர்க்கைக்கு அவள் கொண்டுவந்த தொகுப்பில் எல்லாமே முகங்கள். நடிகர்கள், பாடகர்கள். கைப்பேசியில் இருக்கும் படத்தைப் பார்த்து வரைந்தவை. புருவத்தில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரியும். அப்படி ஒரு பொறுமை, அப்படி ஒரு சுத்தம். தாளில் எங்கும் ஒரு விரல் அழுக்குகூட இல்லை. வீட்டில் அந்தப் படங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

முதல் வாரம் இந்தத் தூக்கை மேசைமேல் வைத்தேன். வரையச் சொன்னேன். ஐந்து நிமிடம் கழித்துக் கையைத் தூக்கினாள். "மிஸ், சில்வர் கலர் பென்சில் இருக்கா?"

நல்ல கேள்வி அது. எவர்சில்வர் என்றால் வெள்ளி நிறம் என்று நமக்கெல்லாம் தெரியும். ஆனால் இந்தத் தூக்கை உற்றுப் பாருங்கள். வெள்ளி நிறம் இதில் எங்கே இருக்கிறது? இந்த இடத்தில் கரேல் என்று ஒரு பட்டை, அதை ஒட்டினாற்போல் பளீரென்ற வெள்ளை. நடுவில் சாய்வே கிடையாது, கத்தியால் வெட்டியதுபோல் கறுப்பு முடிந்து வெள்ளை தொடங்குகிறது. நான் கட்டியிருக்கும் சேலையின் சிவப்பு இங்கே ஒரு கீற்றாக விழுந்திருக்கிறது. இந்தக் கறுப்பும் வெள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைத்தான் நம் மூளை "பளபளப்பு" என்று படித்துக்கொள்கிறது. சாதாரணப் பென்சில் போதும். இருக்கும் இடத்தில் இருப்பதை வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதானுக்கு ஓராண்டு ஆகிறது.

இன்னொன்று பாருங்கள். தூக்கின் வாய் வட்டம். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அது நசுக்கிய முட்டைபோலத் தெரியும். அடிப்பாகமும் அப்படித்தான், ஆனால் அது கண்ணுக்கு இன்னும் கீழே இருப்பதால் அதன் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாகத் தெரியும். என் வகுப்பில் 20 பேர் வரைந்தால் 18 பேர் அடியை நேர்கோடாகப் போடுவார்கள். ஏன்? தூக்கு மேசையில் ஆடாமல் நிற்கிறது, மேசை தட்டை, ஆகவே அடியும் தட்டை என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததை வரைகிறார்கள். தெரிவதை இன்னும் வரையவில்லை. தெரிந்தது, தெரிவது என்று தமிழில் இந்த இரண்டுக்கும் இடையே ஓர் எழுத்து அளவுதான் இடைவெளி. எங்கள் முதலாண்டுப் பாடம் முழுவதும் அந்த இடைவெளிக்குள் நடக்கிறது.

"சித்திரமும் கைப்பழக்கம்" என்று நாம் எல்லாரும் சொல்லி வளர்ந்தோம். கை பழக வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கைக்கு முன்னால் கண் பழக வேண்டும். எங்கப்பா வாழ்நாளில் ஒரு படம் வரைந்ததில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு அலமாரி மாட்ட வந்தவர் வேலையை முடித்துவிட்டுக் கருவிகளை எடுத்து வைக்கும்போது, அப்பா கதவருகே நின்றபடியே, "வலது பக்கம் இறங்கியிருக்கு தம்பி" என்றார். அளந்து பார்த்தார்கள். இறங்கித்தான் இருந்தது. 30 ஆண்டு வெல்டிங் பார்த்த கண் அது.

கைப்பேசிப் படத்தைப் பார்த்து வரைவதில் கண்ணுக்கு வேலை குறைவு. முப்பரிமாணத்தைத் தட்டையாக்கும் கடினமான வேலையைக் கேமரா முன்பே முடித்துவிட்டது. வெளிச்சம் அசையாது, முகம் அசையாது. எதிரே ஒரு பொருள் இருந்தால் அப்படியில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்தாலும் எல்லாம் மாறும். மேகம் வந்தால் நிழல் கரையும். எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று விநாடிக்கு விநாடி முடிவெடுக்க வேண்டும்.

அதற்குத்தான் எங்களிடம் சில பயிற்சிகள். இடக்கையைப் பார்த்தபடி 10 நிமிடம் வரைய வேண்டும், தாளைக் குனிந்து பார்க்கக் கூடாது. கண் நகரும் வேகத்தில்தான் பென்சிலும் நகர வேண்டும். முடிவில் தாளில் இருப்பது கைபோலவே இருக்காது. ஆனால் கட்டைவிரல் மடியும் இடத்தில் இருக்கும் சுருக்கம் மட்டும் அப்படியே வந்திருக்கும். அடுத்தது, நாற்காலியை விட்டுவிட்டு அதன் கால்களுக்கு நடுவே தெரியும் வெற்றிடங்களை மட்டும் வரைவது. இன்னொன்று, கரித்துண்டைத் தாள் முழுக்கத் தேய்த்துச் சாம்பலாக்கிவிட்டு, பிசையும் ரப்பரால் துடைத்துத் துடைத்து வெளிச்சத்தை வெளியே எடுப்பது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் பிள்ளையின் நகக்கண், மூக்கு, சட்டைக் கை எல்லாம் கறுப்பாக இருக்கும். தயவுசெய்து திட்டாதீர்கள்.

மே மாத வாக்கில் அந்தப் பெண்ணின் அப்பா என்னைப் பார்க்க வந்தார். மரியாதையான மனிதர். வேலை உடையோடு வந்திருந்தார். "மேடம், முன்னாடி அவ வரைஞ்சா ஃபோட்டோ மாதிரி இருக்கும். இப்ப வீட்டுக்குக் கொண்டுட்டு வர்றதைப் பார்த்தா கிறுக்கின மாதிரி இருக்கு. அவளும் ராத்திரி அழுவுறா. பாலிடெக்னிக்ல இடம் கெடச்சதை விட்டுட்டு இங்க வந்தா. நான் தப்புப் பண்ணிட்டேனா?"

அவர் கேட்டதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. படங்கள் மோசமாகத்தான் இருந்தன. நான் அவளுடைய வரைபுத்தகத்தை எடுத்து, பிப்ரவரியில் வரைந்த பக்கத்தையும் மே மாதப் பக்கத்தையும் காட்டினேன். பிப்ரவரியில் ஒரே கோடு, ஒரே தடவை, சந்தேகமே இல்லாமல், தப்பாக. மே மாதத்தில் அதே வளைவுக்கு ஏழெட்டுக் கோடுகள். ஒன்றைப் போட்டு, அது இல்லை என்று கண்டு, பக்கத்தில் இன்னொன்று. "உங்க மகளுக்கு இப்ப தப்பு கண்ணுக்குத் தெரியுது. கை இன்னும் அந்த அளவுக்கு வரல. அதனாலதான் அழுவுறா" என்றேன். அவர் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். ஏழெட்டுக் கோடுகளில் ஒன்றின்மேல் விரலை வைத்து, "இதுதான் சரியான கோடு, இல்லையா?" என்று கேட்டார். சரியாகச் சொன்னார்.

இது என் சொந்தக் கருத்து மட்டுமில்லை என்பதற்காக ஒன்று சொல்கிறேன். 2008-இல் தொடங்கிய சிங்கப்பூர் கலைப் பள்ளி, நாம் சோட்டா என்று சொல்வது, உங்களில் பலருக்குத் தெரியும். அங்கே 6 ஆண்டுப் படிப்பு. ஓ நிலை கிடையாது, முடிவில் ஐபி என்னும் அனைத்துலகப் பட்டயத் தேர்வு. 2016-இல் முதல் தேர்வு நடந்த ஐபி காட்சிக்கலைப் பாடத்திட்டத்தில் இறுதிக் கண்காட்சிக்கு 40 விழுக்காடு. அந்தக் கண்காட்சிக்கு வந்து சேர்ந்த வழியைக் காட்டும் தொகுப்புக்கு, அதாவது முயன்றது, கெடுத்தது, மாற்றியது எல்லாவற்றுக்கும், அதே 40 விழுக்காடு. கிறுக்கிய பக்கங்களுக்கும் முடித்த படத்துக்கும் சம மதிப்பு.

உங்கள் பையில் 50 வெள்ளித் தாள் இருந்தால் எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். இரண்டு ஓவியங்கள் இருக்கும். ஒன்று சென் வென் ஷியின் கிப்பன் குரங்குகள். மற்றொன்று சியோங் சூ பியெங் 1978-இல் வரைந்த, பெண்கள் கருவாடு காயவைக்கும் படம். இருவருமே நன்யாங் நுண்கலைக் கழகத்தில் கற்பித்தவர்கள். லிம் ஹக் தாய் 1938-இல் தொடங்கிய பள்ளி அது. 1941-இல் போரால் மூடப்பட்டு 1946-இல் திரும்பத் திறந்தது. சோற்றுக்கே வழி தெரியாமல் இந்த ஊர் எழுந்து நின்ற நேரத்தில் ஓவியப் பள்ளியையும் திறந்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். சென் வென் ஷி வீட்டுத் தோட்டத்தில் கிப்பன் வளர்த்தார். வரைவதற்காக வளர்த்தார். அது எப்படித் தொங்குகிறது, கையை எங்கே மடக்குகிறது என்று நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தார். நம் பையில் இருப்பது அந்தப் பார்வை.

நம்மவர்களைப் பற்றியும் கேட்பீர்கள். நன்யாங்கில் படித்த ச. சந்திரசேகரன், கோ ஈ சூ, சாலே ஜப்பார் மூவரும் சேர்ந்து 1988-இல் கோதே நிலையம் என்னும் ஜெர்மன் பண்பாட்டு மையத்தில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். அதன் பெயர் திரிமூர்த்தி. ஒரு தமிழர், ஒரு சீனர், ஒரு மலாய்க்காரர். சிங்கப்பூர்க் கலை வரலாற்றில் அது இன்றும் பேசப்படுகிறது. தேசிய அரும்பொருளகத்துக்கு வெளியே ஆளுயரத்தையும் மிஞ்சிய சிவப்பு மிளகாய் ஒன்று நிற்கிறதே, அதைச் செய்தவர் குமாரி நாகப்பன். சாங்கி விமான நிலையம் மூன்றாம் முனையத்தில் இருக்கும் பெரிய மஞ்சாடி விதையும் அவருடையதுதான். புளோக்குக்குக் கீழே பிள்ளைகள் பொறுக்கும் விதையை ஒருவர் கையில் எடுத்து எவ்வளவு நேரம் பார்த்திருந்தால் அது அத்தனை பெரிதாக வளர்ந்திருக்கும்!

வேலை கிடைக்குமா என்ற கேள்வி இருக்கிறது. கிடைக்கிறது. வடிவமைப்பு, அசைபடம், கண்காட்சி அமைப்பு, கற்பித்தல். சுலபமாகக் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன், சம்பளமும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது. 2024-இல் நன்யாங்கும் லாசால் கலைக் கல்லூரியும் சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இணைந்த பிறகு, பட்டம் வரை இங்கேயே படிக்கும் வழி தெளிவாகியிருக்கிறது. இதற்குமேல் வாக்குறுதி கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

ஜூலையில் வகுப்போடு தேசிய கலைக்கூடம் போனோம். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அங்கே பொது அனுமதி இலவசம், குடும்பத்தோடு போங்கள். சுவா மியா டீ 1959-இல் வரைந்த தேசிய மொழி வகுப்பு என்ற படத்தின் முன்னால் இந்தப் பெண் தரையில் உட்கார்ந்துவிட்டாள். படத்தில் இருக்கும் கரும்பலகையில் மலாயில் இரண்டு கேள்விகள்: உன் பெயர் என்ன, நீ எங்கே வசிக்கிறாய். 40 நிமிடம் கழித்துப் போய்ப் பார்த்தேன். அவள் யார் முகத்தையும் வரையவில்லை. முகம் வரைவதற்கென்றே பிறந்ததுபோல் வந்த பிள்ளை! உட்கார்ந்திருப்பவர்களின் முதுகு எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதை மட்டும் பக்கம் முழுக்கப் போட்டிருந்தாள். "யாரு பயப்படுறாங்க, யாருக்கு பதில் தெரியும்னு முதுகுலேயே தெரியுது மிஸ்" என்றாள்.

நவம்பரில், கல்வியாண்டின் கடைசி வாரம், வழக்கம்போல இந்தத் தூக்கைத் திரும்ப மேசையில் வைத்தேன். பிப்ரவரியில் அவள் போட்ட படம் சுற்றிலும் கறுப்புக் கோடு கட்டியது, உள்ளே ஒரே சாம்பல். இப்போது முதல் கால் மணி நேரம் அவள் பென்சிலையே எடுக்கவில்லை. பிறகு அடியின் வளைவைப் போட்டாள். நசுங்கிய இடத்தில் வெளிச்சம் உடைவதைப் போட்டாள். வலப்பக்கக் கறுப்புப் பட்டையை அழுத்திப் போட்டாள். இடப்பக்கம் ஜன்னல். அங்கே தூக்கின் விளிம்பும் பின்னால் இருக்கும் சுவரும் ஒரே வெளிச்சத்தில் கரைந்து கிடந்தன. அந்த இடத்தில் தாளை வெறுமையாக விட்டுவிட்டாள். தூக்கு அங்கே திறந்து கிடந்தது. ஆனால் தள்ளி நின்று பார்த்தால் முழுத் தூக்கும் தெரிந்தது.

"இங்க கோடு போடலையே?" என்று கேட்டேன்.

"அங்க கோடு தெரியல மிஸ். அதான் போடல."

அவள் அப்பா அந்தப் படத்தை வாங்கிப்போய் மாட்டினாரா என்று எனக்குத் தெரியாது. வீட்டில் அது இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

சரி, தூக்குக்கு இருக்கும் வேலையைச் சொல்கிறேன் என்றேன். உங்கள் நாற்காலிக்கு அடியில் ஒரு தாளும் பென்சிலும் வைத்திருக்கிறோம். எடுத்துக்கொள்ளுங்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் கொஞ்சம் முன்னால் வாருங்கள். ஐயா, நீங்கள் அந்த ஜன்னல் திரையை விலக்கிவிட முடியுமா? நன்றி. முதல் மூன்று நிமிடம் யாரும் பென்சிலைத் தொட வேண்டாம்.