கோயில் காசு 1500, திருவிழா 25 நாள்

வணக்கம் உறவுகளே. இப்ப நான் யாழ்ப்பாணம் நல்லூர் முருகன் கோயில் பின்வீதியில் நிற்கிறேன். கொடியேற்றத்துக்கு இன்னும் ஒரு கிழமை இருக்கிறது. பாருங்கள், அதற்குள் கடை போடக் கம்பு நட்டுத் தகரம் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகளின் திருவிழாச் செலவுக்கான வரவு செலவுத் திட்டம் நேற்று இரவே நிறைவேறிவிட்டது. பாராளுமன்றத்தை விடச் சத்தம் கொஞ்சம் கூடத்தான்.

போன வருடக் கதையைச் சொன்னால்தான் இது விளங்கும். மகளுக்கு அப்போது 9 வயது, மகனுக்கு 6. 25 நாளுக்கும் சேர்த்து ஆளுக்கு 1500 ரூபா கொடுத்தேன். ஐஸ்கிரீம், கச்சான், விளையாட்டுச் சாமான் எல்லாம் இதற்குள்தான், முடிந்தால் முடிந்ததுதான் என்று சொல்லிவிட்டேன். எப்படியும் ஏழு தரமாவது கோயிலடிக்குப் போவோம். மகள் பழைய கொப்பி ஒன்றை எடுத்து ஒரு நாளைக்கு 200 என்று எழுதினாள். மிஞ்சுகிற 100 தேருக்கு.

மகன் கணக்கு எழுதுகிற வயதில்லை. அவனுக்கு நோட்டுகளைப் பறவையை வைத்துத்தான் தெரியும். 20 ரூபாவில் ஆந்தை. 500 இலும் கிளி, 1000 இலும் கிளி, அதனால் இரண்டும் ஒன்று என்றுதான் கனநாள் நினைத்துக்கொண்டிருந்தான். ஊதா என்றால் 500, பச்சை என்றால் 1000 என்று பிறகுதான் பிடிபட்டது. இரண்டு கிளியோடும் முதல் நாளே போய், சவர்க்காரக் குமிழி விடுகிற துவக்கு ஒன்றை 850 ரூபாவுக்கு வாங்கினான். மறுநாள் அதன் தண்ணி முடிந்தது, அதற்கு மறுநாள் பெட்டரி. பிறகு ஒரு ஐஸ்கிரீம் 350, கச்சான் 100. மூன்றாம் தரம் போகும்போது கையில் 200 ரூபா. திருவிழா இன்னும் பாதிகூட ஆகவில்லை.

அழுதான். நல்லாய் அழுதான். நான் அசையவில்லை. ஆனால் வீட்டில் ஒரு அம்மம்மா இருக்கிறாவே! அடுத்த நாள் அவன் காற்சட்டைப் பைக்குள் ஒரு 500 ரூபா இருந்தது. கேட்டால், "தம்பி, முருகன் வாசல்ல பிள்ளையை அழ விடலாமே?" என்றா. மாமியோடு நான் என்னத்தைக் கதைக்கிறது?

பிள்ளைகளுக்குக் காசு விளங்குவதில்லை என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். அவர்களுக்கு நன்றாக விளங்கும். காசு முடிந்தால் யார் நிரப்புவார்கள் என்பதுதான் அவர்களுக்கு விளங்கிய கணக்கு. எங்கள் ஊரில் அதற்கு ஆளுக்குக் குறைவில்லை. அம்மம்மா இல்லாவிட்டால் கனடா மாமா. திருவிழாவுக்கு வந்து இறங்கியதும் கன்னத்தைக் கிள்ளி 5000 ரூபா நோட்டை நீட்டுவார். நான் ஒரு மாதமாகச் சொல்லிக் கொடுத்தது அந்த ஒரு நிமிடத்தில் போய்விடும். பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

உண்டியல் வாங்கிக் கொடுத்தோம், வங்கியில் பிள்ளைகள் கணக்குத் திறந்தோம் என்று சிலர் சொல்வீர்கள். நாங்களும் செய்தோம். 18 வயதுவரை எடுக்க ஏலாத காசு, ஆறு வயதுப் பிள்ளைக்கு இல்லாத காசு மாதிரித்தான். உண்டியலில் மகளின் சைக்கிளுக்கென்று சேர்த்துக்கொண்டிருந்தபோது 2022 வந்தது. அந்த செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை ஒட்டி நின்றது, உங்களுக்கும் நினைவிருக்கும். உண்டியலை உடைத்து எண்ணினோம், காசு அப்படியே இருந்தது. சைக்கிள்தான் எட்டாத இடத்துக்குப் போயிருந்தது. அன்றிலிருந்து சேமி, சேமி என்று மட்டும் சொல்லித் தர எனக்கு வாய் வருவதில்லை. செலவழிக்கவும் பழக வேண்டும்.

அதற்கு எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. முதல் தரம் மகளிடம் 500 ரூபாவும் சாமான் எழுதிய ஒரு துண்டும் கொடுத்து, மிச்சக்காசு உனக்கு என்றேன். என் பிழை அது. ஒரு கட்டுக் கீரையும் இரண்டு கத்தரிக்காயும் கொண்டுவந்து நின்றாள். வெங்காயம் எங்கே என்றால், "வீட்டில இருக்கும் எண்டு நினைச்சன்" என்றாள். இருந்தது ஒரு வெங்காயம்.

இப்போது மிச்சக்காசு வீட்டுக்கு. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் 100 ரூபா தனியாக, சந்தையோடு சம்பந்தமில்லாமல். வாசலில் கேட்ட விலைக்கும் உள்ளே மூலையில் ஒரு ஆச்சி சொல்கிற விலைக்கும் வித்தியாசம் இருப்பதை அவளே கண்டுபிடித்தாள். இப்போது ஒரு சுற்று நடந்து பார்க்காமல் தக்காளியைத் தொடவே மாட்டாள். எனக்குக் கால் உளையும்.

மகனுக்கு இந்த வருடம் மொத்தமாகக் காசு கொடுப்பதில்லை. ஏழு வயதுக்கு 25 நாள் என்பது பெரிய தூரம். ஒரு சின்னப் பனையோலைப் பெட்டிக்குள் 200, 200 ஆகச் சுருட்டி வைத்திருக்கிறோம், போகிற அன்றைக்கு ஒரு சுருள். அம்மம்மாவிடமும் நேற்றுச் சத்தியம் வாங்கியாயிற்று. எத்தனை நாளைக்கு நிற்கும் என்று பார்ப்போம்.

கனடா மாமா முந்தாநாள் வந்து இறங்கிவிட்டார். வழக்கம்போல நோட்டை நீட்டினார். மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இது எத்தின நாளுக்கு?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் மெதுவாக எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்டேன்.