ஸ்டீல் கிட்டார்க்காரர்களின் கடை

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய திரைப்பாடல்களை விரும்பிக் கேட்கிறவர்களுக்கு ஓர் ஒலி நினைவிருக்கும். சரணம் முடிந்து இடையிசை வரும் இடத்தில், கிட்டார் மாதிரியும் இருக்கும், யாரோ வாய்க்குள் முனகுகிற மாதிரியும் இருக்கும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டே போகும். ஹவாய் கிட்டார் என்பார்கள். ஸ்டீல் கிட்டார் என்றும் சொல்வதுண்டு. கிட்டாரை மடியில் மல்லாக்கப் போட்டு, இடக்கையில் ஓர் எஃகுக் கட்டையைப் பிடித்துக் கம்பிகளின் மேல் நகர்த்தி வாசிக்கிற முறை. கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இதை வாசித்த மேதைகளைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். இதை விற்றவர்கள், பழுது பார்த்தவர்கள், வந்தவனை உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தவர்கள் பற்றி இன்று கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஏனென்றால் இந்த வாத்தியத்துக்கு நம்பிக்கையான ஒரு கடைக்காரர் இல்லாவிட்டால் வாங்கியவர் பாடு திண்டாட்டம்தான்.

காரணத்தைச் சொல்கிறேன். ஹவாய்த் தீவுகளில் ஜோசப் கெகூக்கு என்ற பள்ளி மாணவர் 1880களின் கடைசியில் இந்த முறையைக் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். அப்போது அது சாதாரண கிட்டாரும் ஓர் இரும்புத் துண்டும் மட்டுமே. அப்புறம் அமெரிக்கப் பெருநிலத்துக்குப் போனது, மின்சாரம் ஏறியது, கால்கள் முளைத்தன, காலடியில் மிதிகள் வந்தன. இன்றைய பெடல் ஸ்டீல் கிட்டார் மேசை மாதிரி நான்கு கால்களில் நிற்கும். பத்துக் கம்பி, மூன்று மிதி, முழங்காலால் தள்ளுகிற நாலைந்து லிவர். ஒரு மிதியை அழுத்தினால் பஞ்சமம் சதுச்ருதி தைவதமாக ஏறும். பக்கத்து மிதியை அழுத்தினால் அந்தர காந்தாரம் சுத்த மத்தியமமாகும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால், கை அசையாமலேயே ஸ, க, ப என்றிருந்தது ஸ, ம, த ஆகிவிடும். அந்த ஏற்றத்தில்தான் அதன் அழுகையும் இருக்கிறது, குழைவும் இருக்கிறது.

இதற்கெல்லாம் அடிப்பக்கத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் தெரியும்: நெடுக இழுகம்பிகள், திருகுகள், சுருள்வில்கள், அச்சுகள். ஒரு திருகு கால் சுற்று தளர்ந்தால் தைவதம் தைவதமாக வராது. மூன்றாவது கம்பி அங்குலத்தில் ஆயிரத்தில் பதினொரு பங்கு தடிமன்தான். அதை மிதித்து மிதித்து இழுப்பதால் அடிக்கடி அறும். வாசிக்கிறவரின் தொடை உயரம், முழங்கால் அகலம் பார்த்து லிவர்களைத் தள்ளி வைக்க வேண்டும். தையற்காரர் அளவெடுக்கிற மாதிரி கடைக்காரர் நம் காலை அளவெடுக்கிறார் என்றே வையுங்கள். இதைத் தபாலில் வாங்கிச் சமாளிப்பது கஷ்டம். நம் ஊர்க் கடை ஒன்றில் எஃகுக் கட்டை கேட்டேன். விரலில் மாட்டுகிற கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டும் ஒன்றுதானே சார் என்றார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய, கேட்க வருகிறவர்களே எத்தனை பேர்!

சரி, கடைக்கு வருவோம். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரம். அங்கே 1925இல் தொடங்கி இன்றும் நடக்கிற 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்பது, கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், ஒரு வானொலி நிகழ்ச்சி. 1943 முதல் 1974 வரை அது ரைமன் அரங்கத்திலிருந்து ஒலிபரப்பானது. அரங்கத்துக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தைத் தாண்டினால் பிராட்வே சாலைக் கடைகளின் பின்வாசல்கள். அந்த வரிசையில் 416ஆம் எண் கட்டடத்தில் இருந்தது ஷோ-பட் ஸ்டீல் கிட்டார் கடை.

பெயரிலேயே உரிமையாளர்கள் இருக்கிறார்கள். ஷாட் ஜாக்சன், பட்டி எமன்ஸ். ஜாக்சன் மூத்தவர், டோப்ரோ என்கிற உலோகத் தட்டு பொருத்திய கிட்டாரும் ஸ்டீலும் வாசிப்பவர், கைவேலை தெரிந்தவர். எமன்ஸ் 1937இல் இந்தியானாவில் பிறந்தவர். பதினெட்டு வயதில் நாஷ்வில்லுக்கு வாசிக்க வந்தார். இருவரும் 1950களில் ஜாக்சன் வீட்டு கராஜில் கிட்டார் செய்யத் தொடங்கினார்கள். அதுவரை ஒரே மிதி இரண்டு சுரங்களையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டிருந்தது. அதை இரண்டு மிதிகளாகப் பிரித்துவைத்தவர் எமன்ஸ். சற்று முன் நான் சொன்ன பஞ்சமம், காந்தாரம் விவகாரம் அந்தப் பிரிப்பில் வந்ததுதான். இது வாசிக்கிறவனுக்குத் தோன்றுகிற யோசனை. வாசிக்கிறவனே பட்டறையும் வைத்திருந்ததால் மறுநாளே செய்து பார்க்க முடிந்தது. ஷோ-பட் கிட்டாரின் கழுத்தில் பதித்திருக்கும் இடக்குறிகள் ஆட்டின், இஸ்பேட், டைமன், கிளாவர் என்று சீட்டுக்கட்டுச் சின்னங்கள். தெருவில் ஒரு மைல் தள்ளிப் பார்த்தாலும் அடையாளம் தெரியும் என்று சொல்லலாம், கொஞ்சம் மிகைதான்.

1963இல் எமன்ஸ் பிரிந்துபோய்த் தன் பெயரிலேயே வேறு நிறுவனம் கண்டார். ஜாக்சன் குடும்பம் தொடர்ந்து நடத்தியது. பிறகு பெரிய நிறுவனம் கைக்குப் போய், 1980களில் தயாரிப்பும் நின்றது. பெரிய நிறுவனங்களுக்கு இந்த வாத்தியம் ஒத்துவருவதில்லை என்பது என் எண்ணம். விற்பனை குறைவு, வேலை அதிகம், வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம். அந்தக் கட்டடத்தில் இப்போது ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்ட் என்ற மதுக்கடை. கௌபாய் பூட்ஸும் விற்ற இடம், மேடையும் உண்டு.

எனக்கு அதைவிடப் பிடித்த கடைக்காரர் ஒருவர் மிசௌரி மாநிலத்து செயின்ட் லூயிஸில் இருந்தார். டிவிட் ஸ்காட். எல்லோருக்கும் ஸ்காட்டி. மிட்லேண்ட் புலவார்டில் ஸ்காட்டிஸ் மியூசிக் என்று கடை. கிட்டார், கம்பி, எஃகுக் கட்டை, மீட்டுவதற்கு விரல்களில் மாட்டும் பிக்குகள், பாடப்புத்தகம், இசைத்தட்டு, எல்லாம் ஓரிடத்தில். அவரே வாசிப்பவர், அவரே ஆசிரியர், புத்தகமும் எழுதியவர். பெடல் இல்லாத பழைய ஹவாய் பாணியை ஊரே மறந்துகொண்டிருந்தபோது அதற்கும் பாடம் எழுதினார். வியாபாரக் கண்ணோடு பார்த்தால் அது லாபக் கணக்கே அல்ல.

வாடிக்கையாளர்கள் ஒருவரையொருவர் பார்க்க வேண்டும் என்று வருடா வருடம் செப்டம்பர் முதல் வாரத்துத் தொழிலாளர் தின விடுமுறையில் ஒரு மாநாடு கூட்டினார். சர்வதேச ஸ்டீல் கிட்டார் மாநாடு என்று பெயர். ஹவாயிலிருந்தும் வருவார்கள், வேறு நாடுகளிலிருந்தும் வருவார்கள். நட்சத்திரக் கலைஞர் மேடையில் வாசித்துவிட்டு இறங்கிவந்தால், நேற்றுத்தான் கட்டையைப் பிடித்தவன் அவரிடம் போய்ச் சந்தேகம் கேட்கலாம். அங்கிருந்துதான், சாதித்தவர்களின் பெயர்களைச் சேர்த்துக் கௌரவிக்கிற ஸ்டீல் கிட்டார் பெருமைமன்றமும் (ஹால் ஆஃப் ஃபேம்) பிறந்தது. 1978இல் முதலில் ஸ்டீல் கிட்டார் கலைஞர் ஜெர்ரி பேர்டைச் சேர்த்தார்கள். பட்டி எமன்ஸ் 1981இல். ஹவாய் மாணவர் கெகூக்குவுக்கு 1993இல்தான் இடம் கிடைத்தது. அவர் இறந்தே அறுபது ஆண்டு தாண்டியிருந்தது.

பெருமைமன்றப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், டிவிட் ஸ்காட் பெயரும் இருக்கும். மூன்றாவது கம்பி அறுந்தால் எதைப் போடுவது என்று சொல்லிக்கொடுத்த மனிதரை, அதே கம்பியில் பேர் வாங்கியவர்களின் வரிசையிலேயே வைத்திருக்கிறார்கள். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

நன்றி. வணக்கம்.