கேட்பவர் ஒப்புக்கொண்டால் அது உண்மையாகிவிடுமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"பேசி வென்றவர் பக்கம்தான் நியாயம்" என்று முழங்கிவிட்டுப் போயிருக்கிறார் எதிரணித் தலைவர். பாண்டியன் அவையில் கண்ணகி பேசித்தானே வென்றாள் என்று கேட்டார். ஐயா, அவளுக்கு முன்பே அதே பாண்டியனிடம் ஒருவர் பேசி வென்றாரே, அந்தப் பொற்கொல்லர், அவரை ஏன் விட்டுவிட்டீர்கள்? கண்ணகி பேச்சை மட்டும் நம்பி வரவில்லை. சிலம்பை உடைத்தாள். உள்ளே இருப்பது முத்தா, மாணிக்கமா என்பது யார் பேசினாலும் மாறாது.

"அரசன் ஏமாறலாம், விவரம் தெரிந்த அவை ஏமாறாது" என்பீர்கள். சரி, லண்டனுக்கு வாருங்கள். 1935 ஜனவரி 11, ராயல் வானியல் கழகக் கூட்டம். நம் மாநிலக் கல்லூரியில் படித்துக் கேம்பிரிட்ஜ் போன சந்திரசேகர், வயது 24, ஒரு கணக்கை முன்வைக்கிறார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி வெண்குறுமீனாக அடங்க ஓர் எடை வரம்பு உண்டு. சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. அதைத் தாண்டினால் அடங்காது, சுருங்கிக்கொண்டே போகும்.

அடுத்து எழுந்தவர் எடிங்டன். 1919 கிரகணத்தில் ஐன்ஸ்டைனின் கொள்கையைச் சோதித்துக் காட்டிய பெரியவர். பேச்சிலோ, அவர் இந்த மேடைக்கு வந்திருந்தால் நாங்கள் எல்லாரும் மூட்டை கட்டியிருக்க வேண்டியதுதான். இந்தக் கணக்கை ஏற்றால், விண்மீன் சில கிலோமீட்டர் அளவுக்கு ஒடுங்கி ஒளியைக்கூட வெளியே விடாது என்றார். இப்படி அபத்தமாக நடக்காமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்றார். அவை சிரித்தது. பதில் சொல்ல அந்த இளைஞருக்கு வாய்ப்பே தரவில்லை.

அந்தப் பெரியவர் கேலியாகச் சொன்னது என்ன தெரியுமா? கருந்துளை! சரியான விடையைத் தன் வாயாலேயே சொல்லி, சொன்ன தொனியிலேயே அதைத் தோற்கடித்துவிட்டார். வொல்ஃப்காங் பவுலி போன்ற இயற்பியலாளர்கள் தனியே சந்திரசேகர் பக்கம்தான் நின்றார்கள். பொதுவில் வாய் திறக்கவில்லை. சந்திரசேகரும் 1939-இல் ஒரு நூலில் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டு வேறு ஆய்வுக்குப் போய்விட்டார்.

"1983-இல் நோபல் கிடைத்ததே, கடைசியில் உலகம் நம்பியதால்தானே?" எதிரணி அம்மா தலையாட்டுவது தெரிகிறது. அம்மா, இன்று பாடநூலில் இருப்பது அன்று சிரிப்புக்கு ஆளான அதே வரம்புதான். அதை மெய்யாக்க அவர் பேச்சுப் பயிற்சிக்கா போனார்? மாறியவர்கள் கேட்டவர்கள். அவர்கள் நம்பிய பிறகுதான் அது உண்மையானது என்றால், அதுவரை வானத்து விண்மீன்கள் எடிங்டனுக்குக் கட்டுப்பட்டா நடந்தன?

நடுவர் அவர்களே, எதிரணிக்குக் கைதட்டல் எங்களைவிட அதிகம்தான். நானும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். அதைத் தீர்ப்பில் ஒரு சான்றாகச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டு அமர்கிறேன்.